“இன்னும் எத்தனைம்மா இருக்கு?”



கொஞ்சம் நீளமான பதிவு இது. பாதியில் விட்டுப் போகிறவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் பட்டியல் போட்டுப் பேசும்போது அடுத்தடுத்த வரிகளை மறைத்து வைக்காதீர்கள். எல்லா வரிகளையும் காட்டிவிட்டு, அப்போது பேசிக்கொண்டிருக்கும் வரியை மட்டும் எடுத்துக்காட்டுங்கள். அதையும் சிவப்பு நிறத்தை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கையின் பேத்திக்கு அடுத்த மாதம் பிஎச்.டி. வைவா. கணிதத்தில், கிராஃப் தியரியில் ஆராய்ச்சி. எங்கள் குடும்பத்தில் முதல் பிஎச்.டி. அவள்தான். வைவாவில் பேசப் போவதை ஒருமுறை பேசிக் காட்டுகிறேன், நீங்கள் வந்து கேளுங்கள் தாத்தா என்று கூப்பிட்டிருந்தாள். லேப்டாப்பை வீட்டு டிவியில் இணைத்தாள். நான், தங்கை, அவள் மருமகள், பக்கத்து வீட்டுப் பையன் என்று நான்கு பேர் சபை.

பிள்ளை நன்றாகத்தான் பேசினாள். “என் ஆய்வின் முக்கிய முடிவுகள்” என்று ஒரு தலைப்பு வந்தது. கீழே முழுக்க வெள்ளை. பொத்தானை அழுத்தினாள், முதல் வரி வந்தது. அதை விளக்கினாள். மறுபடி அழுத்த, இரண்டாவது வரி. மூன்றாவது வந்து விளக்கிக்கொண்டிருக்கும்போது தங்கை மெதுவாகக் கேட்டாள்:

“இன்னும் எத்தனைம்மா இருக்கு? அடுப்புல பால் வச்சிருக்கேன்.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். பேத்திக்குக் கோபம். “ஆச்சி, வைவாவுல யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க” என்றாள். கேட்க மாட்டார்கள்தான். ஆனால் மனசுக்குள் நினைப்பார்கள். வெளியூரிலிருந்து வரும் பேராசிரியருக்கு அடுப்பில் பால் இருக்காது, ஊருக்குத் திரும்பும் ரயில் இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், தங்கை கேட்டது நியாயமான கேள்வி. கேட்கிறவருக்குத் தான் எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாதிக் கவனம் அதிலேயே போய்விடும்.

“ஏம்மா ஒவ்வொண்ணா ஒளிச்சு வச்சுக் காட்டுற?” என்று கேட்டேன்.

“பீமர்ல பாஸ் போட்டிருக்கேன் தாத்தா. எல்லாத்தையும் ஒரேயடியாக் காட்டினா எல்லாரும் முன்னாடியே படிச்சிருவாங்க, நாம பேசுறதைக் கேக்க மாட்டாங்கன்னு சீனியர் அக்கா சொன்னாங்க.”

பீமர் என்றால் என்ன என்று உறவினர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆபீசில் பவர்பாயின்ட் பயன்படுத்துவீர்கள். கணக்குக்காரர்களும் இயற்பியல்காரர்களும் பெரும்பாலும் லேடெக் என்பதில்தான் எழுதுவார்கள். இதன் மூலம் டெக். அமெரிக்காவில் டொனால்ட் கனூத் என்ற பேராசிரியர், தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைப் பார்த்து மனம் வெறுத்து, சமன்பாடுகளை அழகாகக் கோக்க ஒரு முறையைத் தானே செய்வோம் என்று 1977-ல் ஆரம்பித்தது. பெயரின் கடைசி எழுத்து கிரேக்க எழுத்து, அதனால் ‘டெக்ஸ்’ என்று சொல்லக் கூடாது என்பார்கள். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதை எல்லோரும் கையாளும்படி லேடெக் ஆக்கினார். அதில் திரைக்கான பக்கங்கள் செய்யும் தொகுப்புதான் பீமர். டில் டான்டாவ் என்ற ஜெர்மன்காரர் 2003-ல் தன்னுடைய பிஎச்.டி. வைவாவுக்காகச் செய்துகொண்டது. நண்பர்கள் கேட்கவே ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டார். ஆகவே பேத்தி வைவாவுக்கு அதை எடுத்தது பொருத்தம்தான்.

அதில் ‘பாஸ்’ என்று ஒரு கட்டளை. போட்ட இடத்தோடு நிற்கும், பொத்தானை அழுத்தினால் மிச்சம் வரும். எழுதுவதற்கு மிகவும் சுலபம். அதனால்தான் எல்லோரும் அதைப் போடுகிறார்கள்.

எனக்கு இது புதிதில்லை. 1990களில் ஒரு பணியிடைப் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஓ.எச்.பி. பெட்டி வைத்துப் பாடம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடி போன்ற ஷீட்டில் பத்து வரி எழுதி, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்து, பேசப் பேச தாளைக் கீழே இழுக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவர் இரண்டாவது வரியில் இருந்தபோது மின்விசிறிக் காற்றில் தாள் பறந்து போய்விட்டது. பத்து வரியும் திரையில் பளிச்சென்று தெரிந்தன. உடனே நாற்பது ஆசிரியர்களும் குனிந்து மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். மூன்று நிமிஷம். அதற்குப் பிறகுதான் பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தோம். மறைத்து வைத்திருந்த வரைக்கும் எங்கள் கவனம் பாடத்தில் இல்லை, அந்தத் தாளில்தான் இருந்தது.

முன்னாடியே படித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு அன்றைக்கே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. படிக்கட்டும். ஐந்து வரி படிக்க எத்தனை நொடி ஆகும்? படித்துவிட்டுத் திரும்பி உங்களிடம்தான் வருவார்கள். அவர்கள் வரும்போது, “இப்போது நாம் மூன்றாவதில் இருக்கிறோம்” என்று திரை காட்டினால் போதும். படித்து முடிக்கவே முடியாத அளவுக்குப் பதினைந்து வரி இருந்தால், தப்பு பட்டியலில் இருக்கிறது. மறைத்து வைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தங்கை குறுக்கே வந்தாள். “அண்ணே, மார்கழியில நாங்க திருப்பாவை சொல்ற மாதிரிதானே?” என்றாள்.

எனக்கே அது தோன்றவில்லை. ஆண்டாள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள் அவள். மார்கழி முழுக்க விடியற்காலையில் முப்பது பாசுரங்களையும் சொல்வாள். ஆனால் தேதிக்கு உரிய பாட்டை, அதாவது அன்றைய நாள் பாட்டை மட்டும் இரண்டு தடவை சொல்வாள். ஏழாம் தேதி என்பதற்காக எட்டு முதல் முப்பது வரை இல்லாமல் போய்விடுவதில்லை. முப்பதும் இருக்கும், ஒன்று மட்டும் அன்றைக்கு முன்னால் வந்து நிற்கும். எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இதை விடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

வேறு மாதிரி சொல்ல வேண்டுமென்றால் நம் பக்கத்து ஊர் சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களைப் பாருங்கள். தினசரி காலண்டர் இன்றைய தாளை மட்டும் காட்டும். மாதக் காலண்டர் முப்பது நாளையும் காட்டும், நாம் இன்றைய தேதியை வட்டமிட்டுக்கொள்வோம். நல்ல நேரம் பார்க்க முதலாவது போதும். கல்யாண வேலையைத் திட்டமிட இரண்டாவதுதான் வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்கிறவர் மனசுக்குள் அந்தப் பேச்சை அடுக்கி வைக்கப் பார்க்கிறார். அவருக்கு மாதக் காலண்டரைக் கொடுங்கள்.

பீமரில் இதற்கும் வழி இருக்கிறது. பேத்தியும் நானும் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் மாற்றினோம். பட்டியலின் தொடக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு கொடுத்தால், எல்லா வரிகளும் தெரியும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ‘அலர்ட்’ என்ற நிறம் அடுத்த வரிக்கு நகரும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. இன்னொரு வழியும் உண்டு. மறைத்த வரிகளை முழுதாக மறைக்காமல் மங்கலாகக் காட்டச் சொல்லலாம். அதற்கு ‘டிரான்ஸ்பரன்ட்’ என்று ஒரு அமைப்பு. ஆனால் அது தானாகத் தரும் அளவு பதினைந்து சதவீதம்தான். டிவியில் ஏதோ தெரியும். பழைய புரொஜெக்டரில் சுத்தமாகத் தெரியாது. கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பீமரில் அலர்ட் என்றால் தானாக வருவது சிவப்பு. பேத்தியின் திரையில் மூன்றாவது வரி சிவப்பாக மாறியதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பையன் நினைவு வந்துவிட்டான்.

என்னிடம் படித்தவர்களுக்கு என் பழக்கம் தெரியும். கரும்பலகையில் எல்லாவற்றையும் வெள்ளையில் எழுதுவேன். முக்கியமான வரியை, பரீட்சைக்கு வரும் சூத்திரத்தை, சிவப்புச் சாக்பீசில் எழுதுவேன். “சிவப்பைப் படிச்சாப் பாஸ்” என்று நீங்களே கேலி செய்வீர்கள். எனக்கு அதில் பெருமை.

ஒரு வருஷம் பத்தாம் வகுப்பில் ஒரு பையன். வாய் பேசாதவன் போல அமைதியானவன், கணக்கில் சுமார். ஒருநாள் அவனை எழுப்பி, போர்டில் எது முக்கியமான படி என்று கேட்டேன். அவன் விழித்தான். நான்காவது வரி சிவப்பில் இருக்கிறது. அவன் இரண்டாவதைக் காட்டினான். “சிவப்புல போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையாடா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். பேச்சுவாக்கில் சொன்னான். ரயில் ஓட்டுகிற வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்கிறான். ஒரு புத்தகத்தைத் திறந்து, புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட சோதனை அது, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். மற்றவர்களுக்கு எண் தெரிந்த பக்கங்களில் அவனுக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத கண் தனக்கு என்று அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்திருக்கிறது. சிக்னல் பார்க்கும் வேலை, கிடைக்கவில்லை.

“அன்னைக்கு கண்ணு தெரியலையாடான்னு கேட்டீங்களே சார், நிஜமாவே தெரியலை சார்” என்று சிரித்தான். எனக்கு இலையில் வைத்த பாயசம் இறங்கவில்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தக் குறைபாடு பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வரும், தாய் வழியாக வரும். ஐம்பது பையன்கள் இருக்கும் வகுப்பில் ஒருவனாவது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர்களில் ஒரு வகையினருக்குச் சிவப்பு என்பது வேறு நிறமாக மட்டும் இல்லை, இருட்டாகவே தெரியும். கரும்பலகையில் நான் எதை ‘முக்கியம்’ என்று எழுதினேனோ, அதுதான் அவன் கண்ணுக்கு எல்லாவற்றையும் விட மங்கலாக இருந்திருக்கிறது. மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டிய அதே கையால் அவனுக்கு மறைத்திருக்கிறேன். எத்தனை வருஷம், எத்தனை பையன்களுக்கு என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே மனசில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லலாம். பிறந்ததிலிருந்து அப்படியே பார்க்கிறவனுக்குத் தனக்கு ஒன்று தெரியவில்லை என்பதே தெரியாது. அவன் எப்படிக் கேட்பான்?

அதனால் பேத்தியிடம் சொன்னேன்: “வைவாவுக்கு வர்ற ஆள்ல அப்படி ஒருத்தர் இருந்தா? நிறம் போடு. ஆனா நிறத்தோட இன்னொண்ணும் சேத்துப் போடு.”

என்ன சேர்ப்பது என்பதில் கொஞ்சம் நேரம் மோதிப் பார்த்தோம். உங்களுக்கும் பயன்படும்.

தடித்த எழுத்து போட்டுப் பார்த்தோம். ஒரு சிக்கல். தடித்த எழுத்து அகலம் கூடியது. வரி நீளமாகி அடுத்த வரிக்கு மடங்கும். பொத்தானை அழுத்த அழுத்தப் பட்டியல் மேலும் கீழும் குதிக்கும். பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ண, ணை, ஐ போன்ற எழுத்துகளைத் தடிக்க வைத்தால் சுழிகள் அடைபட்டுத் திட்டாகத் தெரியும்.

அடிக்கோடு? ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை. தமிழில் ழ, ஞ ஆகியவற்றின் வாலும், து, பு, று ஆகியவற்றின் கீழ்க்கோடும் அந்த அடிக்கோட்டில் போய் மோதும். சாய்வெழுத்து நம் எழுத்துக்கு இயல்பானதே இல்லை.

கடைசியில் இரண்டை வைத்துக்கொண்டோம். ஒன்று, வரியின் பின்னால் வெளிர் மஞ்சள் பட்டை, எழுத்து அடர் நீலம். பட்டை வெளுப்பாகவும் எழுத்து அடர்த்தியாகவும் இருப்பதால் நிறம் தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரியும். இரண்டு, வரியின் இடது ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம். அது வரிக்கு வரி இறங்கும். எல்லா வரிக்கும் முன்னால் எண் போட்டோம். யாராவது “மூன்றாவதுக்குத் திரும்பிப் போங்கள்” என்று சொல்ல எண் வேண்டும். சரிபார்க்க ஒரு எளிய வழி: டிவியில் நிறத்தைச் சுத்தமாகக் குறைத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் எந்த வரி நடக்கிறது என்று தெரிந்தால் தேறிவிட்டீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வரிக்கு ஒரு சொல்லைச் சிவப்பாக்கி, தலைப்பைச் சிவப்பாக்கி, சூத்திரத்தைச் சிவப்பாக்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1933-ல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர், ஒரு பட்டியலில் மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நிற்கும் ஒன்றுதான் நன்றாக மனதில் தங்குகிறது என்று சோதித்துக் காட்டினார். ஒன்று மாறுபட்டால்தான் அந்தப் பலன். எல்லாம் மாறுபட்டால் எதுவும் மாறுபடவில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டால் யார் பேச்சு காதில் விழும்?

மறைப்பதே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறைக்க வேண்டிய இடம் உண்டு. ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லித்தருகிறேன். அங்கே ஒரு நிரூபணம் போடும்போது அடுத்த படியைக் காட்ட மாட்டேன். அவர்கள் யோசிக்க வேண்டும், தப்பாகவாவது சொல்ல வேண்டும், பிறகுதான் காட்டுவேன். விடுகதையைச் சொல்லும்போதே விடையைச் சொல்லலாமா? கேட்கிறவர் தானே கண்டுபிடிக்க வேண்டியதை மறைக்கலாம். ஆனால் “என் ஆய்வின் ஐந்து முடிவுகள்”, “இந்தத் திட்டத்தின் நான்கு செலவுகள்” இவையெல்லாம் விடுகதை இல்லை. நீங்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியப் போகிறது. அதை ஒளித்து வைத்து என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

பேத்தியின் சீனியர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிவுரைக்கு அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது. கேட்கிறவரைக் கட்டிப்போட்டால்தான் கேட்பார் என்ற எண்ணம். நானும் அப்படி நினைத்து வகுப்பெடுத்தவன்தான். கையில் பிரம்பு வைத்திருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். வயதான பிறகு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போதுதான், நம்மை நம்பி எல்லாவற்றையும் முன்னால் வைக்கிறவரை நாம் எவ்வளவு விருப்பமாகக் கேட்கிறோம் என்று புரிகிறது.

ஒரு சில்லறைச் செய்தி, பர்சுக்கு நல்லது. பீமரில் ஒவ்வொரு அழுத்தலும் தனிப் பக்கம். ஐந்து வரிப் பட்டியல் என்றால் பிடிஎஃப்பில் ஐந்து பக்கம். பேத்தி இருபது ஸ்லைடு என்று நினைத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினாள். எழுபத்தாறு பக்கம் வந்தது. அச்சுக்கு அனுப்பும்போது முதல் வரியில் ‘ஹேண்டவுட்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இருபது பக்கமாகவே வரும். காகிதத்தில் நகரும் முக்கோணத்துக்கு வேலை இல்லை.

எல்லாம் மாற்றி முடித்து, சாயங்காலம் மறுபடி பேசிக் காட்டினாள். ஐந்து முடிவுகளும் திரையில் வந்தன. முக்கோணம் ஒவ்வொன்றாக இறங்கியது. இந்தத் தடவை தங்கை கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான்காவது வரி நடக்கும்போது எழுந்து போய், காபிக்கு வைத்திருந்த பாலை இறக்கிவிட்டு, ஐந்தாவதுக்குச் சரியாக வந்து உட்கார்ந்தாள். கிராஃப் தியரி அவளுக்கு ஒரு வரி புரிந்திருக்காது. ஆனாலும் கடைசி வரை கூடவே வந்தாள்.

என் மாணவர்களில் இப்போது ஆசிரியர்களாக, கல்லூரிப் பேராசிரியர்களாக, கம்பெனிகளில் மேனேஜர்களாக எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் போடும் திரைக்கு முன்னால், சொல்லத் தெரியாமல், தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரையும் எண்ணிக்கொண்டு பட்டியல் போடுங்கள்.

அந்தப் பையன் இந்தப் பதிவைப் படிப்பான். பெயரைச் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை தம்பி. அன்றைக்கு வகுப்பில் உன்னைச் சிரிக்க வைத்தது என் தப்பு. மன்னித்துக்கொள்.

பேத்தியின் வைவா முடிந்ததும் எழுதுகிறேன். எல்லோரும் வாழ்த்துங்கள்.

வாழ்க வளமுடன்.